வெளிநாட்டு மிஷனரிக் குடும்பத்தின் நாள் எதில் கழிகிறது?

உங்கள் தங்கையும் அவர் கணவரும் 7 வயது மகளோடும் 4 வயது மகனோடும் வெளிநாட்டு மிஷனரிகளாகப் போக விண்ணப்பித்திருக்கிறார்கள். அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், ஊழியம் தவிர நாள் முழுவதும் என்ன செய்வார்கள், பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள், பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். மிஷனரிக் குடும்பங்களைப் பணித்தளத்துக்கு ஆயத்தப்படுத்துவதும், அங்கே இருக்கும்போது தொடர்பில் இருந்து கவனிப்பதும், திரும்பி வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் பல வருடங்களாக என் வேலை. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அவர்களுடைய நாளில் பெரும்பகுதி வீட்டை நடத்துவதில் போகும். புதிய ஊரில் சமைப்பது, துவைப்பது, தண்ணீரும் மின்சாரமும் வரும் நேரம் பார்த்து வேலையை அமைத்துக்கொள்வது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, மொழி படிப்பது, விசா அலுவலகத்தில் காத்திருப்பது, வீட்டுக்கு வருகிறவர்களைக் கவனிப்பது. பிரசங்கம், வேதபாடம், சபைக் கூட்டம் என்று நாம் ஊழியம் என்றதும் நினைப்பதெல்லாம் வாரத்தில் சில மணி நேரம்தான். அதிலும் இன்று போகிறவர்களில் பலர் மருத்துவர், செவிலியர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், விமானி, பொறியாளர் என்று ஒரு தொழிலோடு போகிறார்கள். நான் பார்த்தவரை, ஒரு குடும்பம் பணித்தளத்தில் நிலைப்பதும் பாதியில் திரும்புவதும் இந்தப் பெரும்பகுதி எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. அதைத் தோளில் சுமக்கிறவர் பெரும்பாலும் மனைவி. பாதிப்பு முதலில் தெரிவது பிள்ளைகளிடம். ஆனால் நேர்காணலில் நெடுநேரம் கேள்வி கேட்கப்படுகிறவர் கணவர். இதில் எனக்கு நீண்டநாள் வருத்தம் உண்டு. அதனால் இந்தப் பதில் முழுவதும் உங்கள் தங்கையையும் பிள்ளைகளையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருடங்கள் மொழிக்கே சரியாகப் போகும். தினமும் 3, 4 மணி நேரம் ஆசிரியரோடு உட்கார வேண்டும். பிறகு தெருவில் இறங்கி, படித்ததைத் தப்பும் தவறுமாகப் பேசிப் பழக வேண்டும். படித்துப் பட்டம் பெற்று, சொந்த ஊரில் மரியாதையாக வாழ்ந்தவர்கள் கடைக்காரரிடம் சின்னக் குழந்தை மாதிரிப் பேச வேண்டியிருக்கும். பலரை உள்ளுக்குள் நொறுக்குவது இதுதான்.

ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன், இதே கதையைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கணவர் காலையில் மொழி வகுப்புக்குப் போய் மதியம் வருவார். மனைவிக்கு ஆசிரியை வீட்டுக்கே வருவார், கைக்குழந்தை தூங்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு. குழந்தை தூங்காத நாளில் வகுப்பு இல்லை. வருட முடிவில் கணவர் சபையில் எழுந்து அந்த மொழியிலேயே சாட்சி சொன்னார், எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மனைவிக்குக் காய்கறிப் பெயர்களும் விலை கேட்கவும் மட்டும்தான் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்து பேசினால் சிரித்துத் தலையாட்டுவார். அவர்கள் போன பிறகு அழுவார். கணவருக்கு ஊரெல்லாம் சிநேகிதர்கள், இவருக்கு ஒருவரும் இல்லை. இரண்டாம் வருடம் அந்த நிறுவனத்தின் பொறுப்பாளர் தலையிட்டு, காலை வகுப்பு மனைவிக்கு, மாலை வகுப்பு கணவருக்கு என்று மாற்றினார். மற்ற நேரம் குழந்தையை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்தில் அந்த வீட்டின் நிறமே மாறிவிட்டது.

இது புதிய ஞானமும் அல்ல. ஹட்சன் டெய்லர் 1865-இல் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷன், மனைவியரையும் முழு மிஷனரிகளாகவே கணக்கில் எடுத்தது. பெண்களுக்கென்று யாங்சோ நகரில் தனி மொழிப் பயிற்சி இல்லமே நடத்தியது. 19-ஆம் நூற்றாண்டில் முடிந்தது இன்று ஏன் முடியாது?

மனைவியின் சம்மதம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மிஷனரி வரலாற்றிலேயே மிகத் துயரமான சாட்சி வில்லியம் கேரியின் வீடு. 1793-இல் கேரி இந்தியாவுக்குப் புறப்படத் தீர்மானித்தபோது, அவர் மனைவி டாரதி வர மறுத்தார். நிறைமாதக் கர்ப்பிணி அவர். கேரி மூத்த மகன் பீலிக்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அந்தக் கப்பல் பயணம் தடைப்பட்டது. அதற்குள் குழந்தை பிறந்துவிட, கேரி மீண்டும் வந்து கேட்டார். தன் தங்கை கூட வந்தால் வருகிறேன் என்று டாரதி இறங்கி வந்தார். ஜூன் 13 அன்று, பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையோடு கப்பல் ஏறினார். நவம்பரில் வங்காளத்தில் இறங்கினார்கள். கையில் காசில்லை, நிலையான வீடில்லை, குடும்பத்தில் பலர் வயிற்றுப்போக்கில் அவதிப்பட்டார்கள். அடுத்த வருடம் 5 வயது மகன் பீட்டர் இறந்தான். டாரதியின் மனம் அதற்குமேல் தாங்கவில்லை. புத்தி பேதலித்து, 1807-இல் சேரம்பூரில் இறக்கும்வரை அவர் தேறவேயில்லை. கேரி அவரைக் காப்பகத்துக்கு அனுப்பாமல் கடைசிவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார், அது உண்மை. ஆனாலும் கேரியின் வேத மொழிபெயர்ப்புகளைப் பற்றிப் பேசும் மேடைகளில் டாரதியின் பெயரையும் மரியாதையோடு சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த ஊழியத்துக்கு அவர் கொடுத்த விலையும் பெரியது.

அதே சேரம்பூரில், டாரதியின் காலத்திலேயே, ஒரு நல்ல முன்மாதிரியும் உருவானது. 1800-இல் கேரியும், சக மிஷனரிகளான மார்ஷ்மன், வார்ட் ஆகியோரும் அவர்களுடைய குடும்பங்களும் ஒரே வளாகத்தில் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். பொதுப் பணம், பொதுச் சாப்பாட்டு மேசை. வீட்டு நிர்வாகத்தை முறைவைத்துப் பார்த்தார்கள். வாரத்துக்கு ஒரு மாலை, சனிக்கிழமை, மனத்தாங்கல்களைப் பேசித் தீர்க்கவென்றே ஒதுக்கினார்கள். யார் மேல் யாருக்குக் கோபமோ அதை அங்கே சொல்லி, முடித்துக்கொண்டு எழ வேண்டும். ஜோசுவா மார்ஷ்மனின் மனைவி ஹன்னா அந்தப் பெரிய வீட்டின் அச்சாணி. தன் பிள்ளைகளைப் பார்த்தார், உறைவிடப் பள்ளியைக் கணவரோடு சேர்ந்து நடத்தினார், தாயின் கவனிப்பில்லாமல் கட்டுக்கடங்காமல் திரிந்த கேரியின் மகன்களையும் அரவணைத்தார். அந்தப் பள்ளிகளின் வருமானம் மிஷனுக்கே பெரிய ஆதாரமானது. இன்று ஒரே வளாகத்தில் பல மிஷனரிக் குடும்பங்கள் வாழும் இடங்களில் நான் முதலில் கேட்பது, உங்களுக்குள் மனத்தாங்கல் வந்தால் பேசித் தீர்க்க எந்த நாள் வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான். ஊர்மக்களால் வரும் சங்கடத்தைவிடச் சக ஊழியக்காரரோடு வரும் பிணக்கால் பணித்தளத்தை விட்டவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒரு சாதாரண நாளைச் சொல்கிறேன். விடியும் முன்பே பெற்றோர் எழுந்துவிடுவார்கள், தனி ஜெபத்துக்கும் வேத வாசிப்புக்கும் அதைவிட்டால் நேரம் கிடைக்காது. பிள்ளைகள் எழுந்ததும் குடும்ப ஜெபம். காலையுணவுக்குப் பின் வீட்டுப்பள்ளி என்றால் சமையலறை மேசையே வகுப்பறை. மதியம்வரை கணக்கு, வாசிப்பு, எழுத்து. நடுவில் வாசலில் ஆள் வந்து நிற்பார். காய்ச்சலுக்கு மருந்து கேட்டு ஒருவர், மருத்துவமனைக்கு வண்டி கேட்டு ஒருவர், வெறுமனே பேசிவிட்டுப் போக ஒருவர். பெரும்பாலான பணித்தளங்களில் முன்னறிவிப்போடு விருந்தாளி வருவதில்லை. வந்தவரை நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிட்டால், அந்த ஊரில் உங்களுக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம். உட்காரவைத்துக் குடிக்கக் கொடுத்துப் பேச வேண்டும். பாடப்புத்தகம் மேசையில் திறந்தபடி கிடக்கும். மாலையில் பிள்ளைகள் தெருவில் விளையாடப் போவார்கள், பெற்றோர் வீடுகளைச் சந்திக்கப் போவார்கள். இரவில், பணம் கொடுத்துத் தாங்கும் ஆதரவாளர்களுக்கு மின்னஞ்சல், கணக்கு எழுதுவது, மறுநாள் பாடத்துக்கு ஆயத்தம். நேர வித்தியாசத்தைப் பொறுத்துத் தாத்தா பாட்டியோடு வீடியோ அழைப்பு.

வருகிறவர்களுக்குக் கதவு திறந்திருப்பது ஊழியத்தின் உயிர், அதில் சந்தேகமில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது அந்தக் கதவைச் சாத்தி, குடும்பம் மட்டும் இருக்க வேண்டும். அதை ஊர்மக்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் புரிந்துகொள்கிறார்கள். அப்படி ஒரு நாள் வைத்திருக்கும் வீட்டையும் இல்லாத வீட்டையும் பிள்ளைகளோடு பத்து நிமிடம் பேசினாலே கண்டுபிடித்துவிடலாம். ‘எங்கள் நாள் எது’ என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

வீட்டிலிருப்பவர் சும்மா இருக்கிறார் என்று நினைக்கிறவர்களுக்கு நான் மார்ஜ் செயின்டைப் பற்றிச் சொல்வேன். ஈக்குவடாரில் 1956 ஜனவரியில் வௌரானி என்ற பழங்குடி மக்களைச் சந்திக்கப் போய்க் கொல்லப்பட்ட ஐந்து மிஷனரிகளில் ஒருவரான விமானி நேட் செயின்டின் மனைவி அவர். காட்டோரத்தில் ஷெல் மேரா என்ற இடத்தில் அவர்கள் வீடு. மூன்று குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, போகிற வருகிற மிஷனரிகளுக்குச் சமைத்துப் படுக்கை போட்டுக்கொண்டே, வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் இருப்பார். கணவர் பறக்கும் ஒவ்வொரு பயணத்திலும் எங்கே இருக்கிறார், எப்போது இறங்கினார் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். உள்காட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு மருந்தும் சாமானும் செய்தியும் போய்ச்சேர்வது அந்தக் குறிப்பேட்டை நம்பித்தான். அந்த ஜனவரி 8 மாலையில் வரவேண்டிய அழைப்பு வரவில்லை என்பதை முதலில் உணர்ந்தவரும் அவர்தான். இறந்தவர்களில் இன்னொருவரான ஜிம் எலியட்டின் மனைவி எலிசபெத், 1958-இல் தன் 3 வயது மகள் வேலரியோடு அதே வௌரானி மக்களிடம் போய் வாழ்ந்தார். நேட்டின் அக்கா ரேச்சலும் கூடப் போனார். எல்லாக் குடும்பத்துக்கும் இப்படி நடப்பதில்லை, உங்களைப் பயமுறுத்துவதற்காகவும் சொல்லவில்லை. பெண்ணும் குழந்தையும் மிஷனரி வரலாற்றின் அடிக்குறிப்பு அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றி. இதில் இரண்டு முறைகள் உண்டு. சில நிறுவனங்கள் மாதச் சம்பளம் கொடுக்கும். அமெரிக்காவின் தென்பாப்டிஸ்டு சபைகள் 1925 முதல் எல்லாச் சபைகளின் காணிக்கையையும் ஒரே பொதுநிதியில் சேர்த்துத் தங்கள் மிஷனரிகளைத் தாங்குகின்றன. பல நிறுவனங்களில் மிஷனரியே சபைகளையும் நண்பர்களையும் அணுகி, மாதந்தோறும் தாங்குகிறவர்களைச் சேர்க்க வேண்டும். குறிப்பிட்ட தொகை சேரும்வரை புறப்பட அனுமதி கிடைக்காது. அதற்கே ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகிவிடுவது உண்டு. அன்றைய சீன உள்நாட்டு மிஷனில் நிலையான சம்பளமே இருந்ததில்லை, யாரிடமும் பணம் கேட்கவும் கூடாது, வருவதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

எந்த முறையானாலும், காணிக்கைப் பணத்தில் வாழும் குடும்பத்துக்கு ஒரு உறுத்தல் எப்போதும் உண்டு. பிள்ளைக்குப் பிறந்தநாளுக்கு மிதிவண்டி வாங்கலாமா, கடற்கரையில் நான்கு நாள் தங்கலாமா, அந்தப் படத்தைப் போட்டால் ஆதரவாளர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்து யோசித்து, ஒன்றும் செய்யாமலே விட்டுவிடுவார்கள். ஓய்வெடுத்ததைச் சொல்லவே பயந்து, ஆதரவாளர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் ஊழியச் செய்தி மட்டும் எழுதுவார்கள். இன்னொரு பக்கம், அதே குடும்பம் அந்த ஊர்க் கண்ணுக்குப் பணக்காரர்களாகத் தெரியும். ஆதரவாளர் முன் எளிமையாகவும் அயலார் முன் தாராளமாகவும் இருக்க வேண்டிய இந்த இழுபறி, மாதா மாதம் கணவன் மனைவி இடையே வாக்குவாதமாக முடியும். நாணய மதிப்பு சரிந்தால் காணிக்கை குறையாமலே வருமானம் குறைந்துவிடும். தங்கை குடும்பத்துக்கு நீங்கள் பணம் அனுப்புவதானால், அதில் ஒரு பகுதி பிள்ளைகளின் சந்தோஷத்துக்கு மட்டும் என்று எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரி அவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி பிள்ளைகள். 1990-களின் நடுவில் உலக சுவிசேஷ ஐக்கியம் 14 நாடுகளில் மிஷன் நிறுவனங்களிடம், மிஷனரிகள் ஏன் பாதியில் திரும்புகிறார்கள் என்று ஆய்வு நடத்தியது. பிள்ளைகளின் படிப்பும் நலனும் முன்வரிசைக் காரணங்களில் ஒன்றாக வந்தது. இந்த வேலையில் இருக்கும் எவருக்கும் அது ஆச்சரியமாக இருந்திருக்காது.

முற்காலத்தில் இதற்கு ஒரே விடை, பிள்ளைகளைப் பிரிவது. லண்டன் பகுதியில் மிஷனரிகளின் மகள்களுக்காக 1838-இலும் மகன்களுக்காக 1842-இலும் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஓட்டப்பந்தய வீரர் எரிக் லிடெல் சீனாவில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1908-இல், 6 வயதில், தன் அண்ணனோடு அந்த ஆண்கள் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பெற்றோரைப் பார்த்தது அவர்கள் விடுப்பில் வந்தபோது மட்டும். பின்னாளில் அவரே சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். 1941-இல், போர் நெருங்கியதால், கர்ப்பிணியான மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவேயில்லை. 1945 பிப்ரவரியில் ஜப்பானியரின் வெய்சியன் தடுப்பு முகாமில் மூளைக் கட்டியால் இறந்தார்.

அதே முகாமில்தான் சீஃபூ பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். சீன உள்நாட்டு மிஷன் 1881-இல் இன்றைய யான்டாய் நகரில் தொடங்கிய உறைவிடப் பள்ளி அது. ஜப்பானியப் படை பள்ளியையே சிறைப்பிடித்தபோது, பல பிள்ளைகளின் பெற்றோர் சீனாவின் உட்பகுதியில் தொலைதூரத்தில் இருந்தார்கள். ஆசிரியர்கள் முகாமுக்குள்ளும் பாடம் நடத்தினார்கள், தேர்வு வைத்தார்கள், சாரணர் கூட்டம் நடத்தினார்கள். லிடெல் அவர்களுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தார். 1945 ஆகஸ்ட் 17 அன்று முகாம் விடுதலையானது. பல வருடம் கழித்துப் பெற்றோரைப் பார்த்த பிள்ளைகள் வளர்ந்து ஆளே மாறியிருந்தார்கள். அந்த ஆசிரியர்கள்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. அதற்காகப் பிரிவு நல்லது என்று ஆகிவிடாது.

பணித்தளத்துக்குப் பக்கத்திலேயே வேறு பள்ளிகளும் வந்தன. முசோரியில் 1854-இல் உட்ஸ்டாக், கொடைக்கானலில் 1901-இல் ஹைகிளர்க், கென்யாவின் கிஜாபேயில் 1906-இல் ரிஃப்ட் வேலி அகாடமி, மணிலாவில் 1957-இல் ஃபெய்த் அகாடமி. அங்கே படித்தவர்களில் பலர் அந்த விடுதி நண்பர்களையே வாழ்நாள் உறவாகச் சொல்வார்கள். இரவில் தலையணையில் முகம் புதைத்து அழுததையும் அவர்களே சொல்வார்கள். இரண்டும் உண்மை. இதைவிடக் கசப்பான உண்மையும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் மாமூ என்ற ஊரில் இருந்த மிஷனரிப் பிள்ளைகளின் பள்ளியில் பல வருடங்கள் நடந்த கொடுமைகளை, வளர்ந்த பிள்ளைகளே வெளியே கொண்டுவந்தார்கள். 1990-களில், பள்ளியை நடத்திய மிஷன் தனி விசாரணைக் குழு அமைத்தது, கொடுமைகள் நடந்தது உறுதியானது. ஊழியத்துக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று பிள்ளைகள் வாய்மூடி இருந்ததுதான் அதில் என்னை மிகவும் வாட்டியது. உங்கள் தங்கை சேரும் நிறுவனத்தில் பிள்ளைப் பாதுகாப்பு விதிகள் எழுத்தில் இருக்கின்றனவா, புகார் யாரிடம் போகும், அந்த ஆள் நிறுவனத்துக்கு வெளியே இருக்கிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்பது விசுவாசக் குறைவு இல்லை.

இன்று நான்கு வழிகள் இருக்கின்றன, உள்ளூர்ப் பள்ளி, சர்வதேசப் பள்ளி, வீட்டுப்பள்ளி, விடுதி. 7 வயது மகளும் 4 வயது மகனும் என்பதால் என் யோசனை இது. முதல் ஒன்றிரண்டு வருடம் சின்னவனை உள்ளூர் மழலையர் பள்ளிக்கு அனுப்பலாம். பெற்றோரைவிட வேகமாக மொழி வரும், அம்மாவுக்கும் படிக்க நேரம் கிடைக்கும். மூத்தவளுக்குத் தாய்மொழியில் வாசிப்பு உறுதிப்படும்வரை வீட்டுப்பள்ளியும், விளையாட்டுக்கும் சிநேகிதத்துக்கும் அக்கம்பக்கமும் போதும். சர்வதேசப் பள்ளிக் கட்டணம் பல இடங்களில் குடும்பத்தின் மாதப்படியையே தாண்டும். அதனால் அது யார் செலவு என்பது புறப்படும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். விடுதியைப் பற்றி, மகள் தானாக விரும்பிக் கேட்கும் வயது வரும்வரை பேச்சே வேண்டாம் என்பேன். எந்த வழியானாலும் வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குச் சரிப்பட்டது இன்னொன்றுக்குச் சரிப்படாது.

பிள்ளைகள் மொழியில் பெற்றோரை முந்திவிட்டதும் ஒரு புதிய சிக்கல் வரும். மருத்துவமனையில், காவல் நிலையத்தில், வாடகைத் தகராறில் பிள்ளை மொழிபெயர்ப்பாளராகிவிடுவாள். 9 வயதுப் பெண், பக்கத்து வீட்டு அம்மாவின் கருச்சிதைவை மருத்துவருக்கு மொழிபெயர்த்ததை எனக்குத் தெரியும். அவள் பெற்றோர் பெருமையாகத்தான் சொன்னார்கள். பெரியவர்களின் துக்கத்தைப் பிள்ளையின் வாயில் வைக்கக்கூடாது என்று அன்று நெடுநேரம் அவர்களோடு பேசினேன்.

இன்னொன்று, மிஷனரி என்ற பெயரில் விசா கொடுக்காத நாடுகளில் குடும்பம் ஆசிரியராகவோ தொழில்முனைவோராகவோதான் வாழும். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால் பிள்ளை என்ன சொல்ல வேண்டும்? பொய் சொல்லப் பழக்கக்கூடாது. அப்பா உண்மையாகவே அந்த வேலையைச் செய்ய வேண்டும், முழு நேரமாக, நன்றாக. அப்போது பிள்ளை சொல்வது முழு உண்மையாகவே இருக்கும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம் 1950-களில், இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, இப்படி வளரும் பிள்ளைகளை மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள் என்று குறிப்பிட்டார். பெற்றோரின் ஊரும் முழுதாகச் சொந்தமில்லை, வாழும் ஊரும் முழுதாகச் சொந்தமில்லை. இரண்டுக்கும் நடுவில், தங்களைப் போலவே வளர்ந்தவர்களோடு மட்டும் அவர்களுக்கு இயல்பாக ஒட்டும். பல மொழி, பரந்த பார்வை, யாரோடும் பேசும் தைரியம் எல்லாம் அவர்களுக்கு உண்டு. கூடவே, அடிக்கடி விடைபெற்று விடைபெற்று, அழாமல் பிரியப் பழகிவிடும் ஒரு இறுக்கமும் உண்டு. பணித்தளத்தில் சக மிஷனரிக் குடும்பங்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும், நெருங்கிய தோழி வருடத்துக்கு ஒருத்தி கிளம்பிவிடுவாள். அந்தத் துக்கத்தை ‘ஆண்டவருக்காக’ என்று சொல்லி மூடிவிடாமல், அழ விடுகிற பெற்றோரின் பிள்ளைகள் பின்னாளில் நன்றாக இருக்கிறார்கள்.

உடல்நலத்தில் இன்று பழைய பயம் இல்லை. தடுப்பூசி, மலேரியா மருந்து, அவசரமானால் விமானத்தில் கொண்டுபோகும் காப்பீடு எல்லாம் இருக்கின்றன. பர்மாவில் ஊழியம் செய்த அதோனிராம் ஜட்சன் அடுத்தடுத்து இரண்டு மனைவியரையும் பல குழந்தைகளையும் பறிகொடுத்த காலம் மலையேறிவிட்டது. இன்று நான் அதிகம் பார்ப்பது தூக்கமின்மையும் மனச்சோர்வும்தான். அதற்கு ஆலோசகரிடம் போவதை இப்போது பல நிறுவனங்கள் வழக்கமாக்கிவிட்டன. உங்கள் தங்கை சேரும் நிறுவனத்தில் அது உண்டா என்று விசாரியுங்கள்.

விடுப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. கப்பல் காலத்தில் ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஊர் திரும்புவார்கள். இப்போது இரண்டு முதல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, சில மாதங்கள். பர்லோ (furlough), அதாவது விடுப்பு, என்று பெயரே தவிர, அதில் ஓய்வு குறைவு. சபை சபையாகப் போக வேண்டும், ஒவ்வொரு ஞாயிறும் வேறு மேடை, ஒவ்வொரு வாரமும் வேறு வீடு. பிள்ளைகளை மேடையில் ஏற்றி அந்நிய மொழியில் பாடச் சொல்வார்கள். ஒரு சிறுவன் எந்த வீட்டில் தங்கினாலும் தன் தலையணை உறையை மட்டும் பையிலிருந்து எடுத்து அங்கிருக்கும் தலையணைக்கு மாட்டிக்கொண்டு தூங்குவான். அவன் அம்மா சொல்லிக் கொடுக்கவில்லை, அவனே கண்டுபிடித்தது. பெற்றோருக்கு அது ஊருக்குத் திரும்புவது, பிள்ளைகளுக்கோ தங்கள் ஊரை விட்டு வருவது. இதைத் தாத்தா பாட்டிகளும் உறவினர்களும் புரிந்துகொண்டால் பாதிக் கஷ்டம் தீரும். ‘இன்னுமா நம்ம ஊர் பழகவில்லை?’ என்ற கேள்வி பிள்ளையைச் சுடும்.

நன்மைகளைப் போதிய அளவு சொல்லவில்லையோ என்று தோன்றுகிறது. ஒரே மேசையில் மூன்று வேளையும் அப்பாவோடு சாப்பிட்ட பிள்ளைகள் இவர்கள். பெற்றோர் எதை நம்புகிறார்களோ அதற்காக வாழ்வதைத் தினமும் கண்ணால் பார்த்தவர்கள். ஊர்ப் பெரியவர்களைப் பெரியப்பா, பாட்டி என்று அழைத்து, அவர்கள் வீட்டுக் கல்யாணத்திலும் சாவிலும் உடன் நின்றவர்கள். வளர்ந்த பிறகு, எனக்கு வேறு மாதிரிக் குழந்தைப்பருவம் வேண்டாம் என்று மனதாரச் சொன்ன பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலோரின் வீட்டில் ஒரு பொதுவான விஷயம் இருந்தது. முடிவுகள் எடுக்கும்போது அம்மாவின் குரலுக்கு எடை இருந்தது, பிள்ளைகளிடமும் கேட்டார்கள், கேட்டதற்கு ஏற்ப சில சமயம் முடிவை மாற்றவும் செய்தார்கள்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது. தங்கையோடு தனியாக ஒரு நாள் உட்காருங்கள், கணவர் இல்லாமல். ‘உனக்கும் ஆண்டவரின் அழைப்பு இருக்கிறதா, கணவருக்காகப் போகிறாயா?’ என்று கேளுங்கள். கணவருக்காகப் போகிறேன் என்று சொன்னால் தடுக்க வேண்டாம். இன்னும் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்லுங்கள். நல்ல நிறுவனமானால் அதற்குச் சம்மதிக்கும். அவளுக்கென்று அங்கே என்ன வேலை, எத்தனை மணி நேரம் மொழி வகுப்பு, அப்போது பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பதற்கு இருவரும் ஒரே பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

அவர்கள் போன பிறகு ஜெபக் கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள். நூறு பேருக்குப் போகும் கடிதத்துக்கு இரண்டு மூன்று பேர்தான் பதில் எழுதுகிறார்கள். பிள்ளைகளுக்குத் தனியாக எழுதுங்கள், ஊழியத்தைப் பற்றிக் கேட்காமல் அவர்கள் தோழர்களின் பெயரைக் கேட்டு. போய்ப் பார்க்க முடிந்தால் முதல் வருடம் வேண்டாம், அப்போது அவர்களே விருந்தாளிகள் மாதிரி இருப்பார்கள். இரண்டாம் வருடத்தின் நடுவில் போங்கள், புதுமை தீர்ந்து மொழியும் முழுதாக வராத நேரம் அது. போகும்போது என்ன கொண்டுவர வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். அங்கே தங்கும் நாட்களில் ஒரு நாள் முழுக்க நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் இருவரையும் வெளியே அனுப்பிவையுங்கள்.